கப்பல் பேர் சொல்லாத ஜெயினம்பு

ஜெயினம்பு அக்காவுக்குப் பயமே கிடையாது என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் அளக்கிறார்கள். சுத்தப் பொய். பல்லியைக் கண்டால் அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். காக்கிச்சட்டைக்கு மட்டும்தான் அவளுக்குப் பயப்படத் தெரியாது. அதை ஊரறியக் காட்டியது நாற்பத்திரண்டாம் வருஷம்.

புருஷன் போன பிறகு ரங்கூனில் இடியாப்பம் விற்றுப் பிழைத்தவள். ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும் கிடைத்த கப்பலில் ஏறிப் பட்டணம் வந்து, அங்கிருந்து ரயிலில் மதுரைக்கு வந்து சேர்ந்தாள். வந்த கோலத்தைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. மேலே போர்த்தும் வெள்ளைத் துப்பட்டியைக் காணோம். எங்கள் பெண்கள் அது இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டார்கள். பர்மாவுக்குப் போய் வெட்கம் கெட்டுவிட்டது என்று பேசினார்கள். அக்கா பதிலே சொல்லவில்லை. வாய்பேசாத பிறவியா அவள்? எனக்கு அப்போதே உறுத்தியது.

வாயைக் கட்டியது துறைமுகம். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல் என்றால் யுத்த காலத்தில் அத்தனை கெடுபிடி. மூட்டையைக் குடைந்து கடிதம், போட்டோ எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். கப்பல் பேர், கிளம்பிய நாள், வழியில் நடந்தது எதைப் பற்றியும் மூச்சு விடக்கூடாது என்று கைநாட்டு வாங்கினார்கள். மீறினால் ஜெயில். அதோடு வாராவாரம் உள்ளூர் ஸ்டேஷனில் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். எங்கள் பகுதிக்கு விருமாண்டி ஏட்டு. மீசையை முறுக்குவதற்கே சம்பளம் வாங்கிய மனுஷன்.

என் பக்கத்து வீட்டில் அஜ்மல் பீவி. அவள் புருஷன் அப்துல் வஹீது ரங்கூனில் கைலிக்கடை வைத்திருந்தார். அக்கா வந்து இறங்கிய அன்றே அஜ்மல் பீவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு ஆளப் பாத்தீகளாக்கா?"

"அம்புட்டுக் கூட்டத்துல யாரப் புள்ள பாக்க?" என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு மாதம் போனது. வஹீது ஒரு பர்மாக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார் என்று எவனோ நாக்கில் நரம்பில்லாதவன் கிளப்பிவிட்டான். அஜ்மல் பீவியால் தண்ணீர் எடுக்கக்கூட வெளியே தலைகாட்ட முடியவில்லை. விஷயம் காதில் விழுந்த அன்று காலையிலேயே அக்கா என் வாசலில் வந்து நின்றாள்.

"சுலைமான், சட்டையப் போடு தம்பி. அஜ்மலையும் கூட்டிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போறோம்."

"எதுக்குக்கா?"

"இன்னைக்கு நான் மூஞ்சியக் காட்டுற நாளு. நாக்கையும் சேத்துக் காட்டிட்டு வாரேன்."

ஸ்டேஷனில் அஜ்மல் பீவியை பெஞ்சில் உட்கார வைத்தாள். ஏட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேச ஆரம்பித்தாள்.

"அஜ்மலு, ஒம் புருசன் எவளையும் கட்டல. நான் வந்த கப்பல்லதான் வந்தாக. ஏறும்போதே குண்டடி பட்டிருந்துச்சு. நடுக்கடல்ல மவுத்தாப் போயிட்டாக. கபன் துணிக்கு எங்க போறது? என் துப்பட்டியத்தான் சுத்தி, தொழுக வச்சு, கடல்ல எறக்குனாக."

தெரு பேசிய பேச்செல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அஜ்மல் பீவி அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா எதுவும் கேட்டாகளாக்கா?"

"தண்ணி கேட்டாக. குடுத்தேன் புள்ள."

அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வெடித்தது. ஏட்டு துள்ளி எழுந்தார்.

"இந்தாம்மா! கைநாட்டு வச்சிட்டு ஸ்டேசனுக்கே வந்து பேசுறியா? உள்ள தள்ளிருவேன்!"

"தள்ளுங்க ஏட்டையா. நான் கப்பல் பேரச் சொன்னேனா, கெளம்புன நாளச் சொன்னேனா? மனுசன் பேரத்தான சொன்னேன்? கடல்ல கெடக்குற மையத்து மேல ஜப்பான்காரன் மறுபடி வந்து குண்டு போடப் போறானா?"

"சண்ட முடியிற வரைக்கும் பொறுக்க முடியாதா?"

"சண்ட முடியுறதுக்குள்ள இவ இத்தா முடிஞ்சிரும்யா!"

ஏட்டுக்கு அது விளங்கவில்லை. நான்தான் சொன்னேன். புருஷன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து துக்கம் காக்க வேண்டும். இறந்த நாளிலிருந்தே கணக்கு. அவளுக்குத் தெரியாமல் அந்த நாட்கள் கடந்துவிட்டால் கடந்ததுதான்.

"பேசுனா அடுத்த கப்பல்ல வர்ற சனம் சாகும்னாக. அதான் சோறு எறங்காம நாக்கக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள் அக்கா. "இப்ப ரங்கூனே விழுந்துருச்சுன்னு பேப்பர்லயே போட்டாச்சு. அடுத்த கப்பலே இல்ல. இன்னும் யாரக் காப்பாத்த நான் வாயப் பொத்தணும்? புருசன் போனது தெரியாம இவ பூ வச்சுக்கிட்டு வாசலப் பாத்து நிக்கணுமா?"

ஏட்டின் கை மீசையிலிருந்து இறங்கியது. ஆனாலும் சட்டம் அவர் கையில் இருந்ததே, உள்ளே வைத்துவிட்டார்.

மறுநாள் கோர்ட்டு. நான் கிளம்பும்போது அஜ்மல் பீவி கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு துணியை நீட்டினாள். அவளுடைய துப்பட்டி.

"எனக்கு இனி வெளிய போற சோலி இல்லண்ணே. அக்காட்ட குடுங்க. கோர்ட்டுல போத்திக்கிட்டு நிக்கட்டும்."

அதைப் போர்த்திக்கொண்டுதான் அக்கா கூண்டில் நின்றாள். மாஜிஸ்ட்ரேட் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இனிமேல் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அக்கா துப்பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"அதே கப்பல்ல சோணைன்னு அவனியாபுரத்து ஆளு ஒருத்தரும் செத்துப்போனாருங்கய்யா. அவுக வீட்டுக்கு நான் இன்னும் போகல. என்னய விட்டீகன்னா மொதல்ல அங்கதான் போவேன்."

மாஜிஸ்ட்ரேட் அவளை ஜெயிலுக்கு அனுப்பினார். போகும்போது அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கோர்ட்டு வாசலிலேயே அவனியாபுரத்துக்கு வண்டி பிடித்தேன்.