ராகு காலத்துக்கு முன் ஒரு பாட்டு

என் பழைய கைப்பேசிக்குத் தீபாவளி முடிந்த பிறகு வயிறு வீங்கத் தொடங்கியது. உள்ளே பேட்டரி உப்பி, பின்மூடி ஒரு பக்கமாக எழும்பிக்கொண்டது. மேசையில் வைத்தால் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். "எத்தனையாவது மாசம்?" என்று என் மனைவி கேட்டாள். எங்கள் கிள்ளான் வீட்டை விட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் எங்கள் மகளுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் இல்லை. "அப்பா, அது வெடிக்கும்பா. சார்ஜர்ல போடவே போடாதீங்க" என்று நாளுக்கு ஒரு தடவை அழைத்துச் சொன்னாள்.

நான் போட்டேன். குளியலறைத் தரையில் வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்து போட்டேன். அந்த மாதிரி நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாதாம். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

புதிது வேண்டாம் என்பதற்கு என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சம் இல்லை. எழுத்து சின்னதாக இருக்கும், கை பழக நாளாகும், இருப்பது நன்றாகத்தானே ஓடுகிறது. எல்லாம் சும்மா. உண்மையான காரணம் ஒன்றுதான். அந்தக் கைப்பேசிக்குள் என் மனைவியின் பாட்டு இருந்தது.

அவள் மேடையில் பாடுகிறவள் இல்லை. கோயிலில் நாலு பேரோடு சேர்ந்து பாடச் சொன்னால்கூட வாயை மட்டும் அசைப்பாள். ஆனால் மத்தியானம் துணி மடிக்கும்போது, மழை வந்து வெளியே இருக்கும் தகரக் கூரையில் சத்தம் போட ஆரம்பித்ததும், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பாடுவாள். எல்லாம் பழைய படப் பாட்டுதான். பாதி வரிகள் மறந்து போயிருக்கும். மறந்த இடத்தில் ராகத்தை மட்டும் இழுத்து நிரப்பிக்கொள்வாள். எனக்கு அந்த இடங்கள்தான் ரொம்பப் பிடிக்கும்.

போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதுவரை பகலில் வீட்டில் இருந்ததே குறைவு. ஓய்வுக்குப் பிறகுதான் இப்படி ஒரு கச்சேரி என் வீட்டில் நடப்பதே எனக்குத் தெரிந்தது. கூடத்தில் பேப்பரை விரித்து, அதற்குப் பின்னால் கைப்பேசியை வைத்து, பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு, ஆழ்ந்து படிக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள். அதோடு பாட்டும் நின்றிருக்கும். அதனால் சொல்லவில்லை.

பிறகு அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, போகப் போகச் சரியாகும் என்றும் சொன்னார்கள். பேச்சு திரும்பி வந்தது, ஒரு படி கீழே இறங்கி, ஓரத்தில் கொஞ்சம் பிசிறு தட்டி. பாட்டு வரவில்லை. ஒரு மழை நாளில் துணி மடித்துக்கொண்டே முதல் வரியை எடுத்தாள். நடுவில் உடைந்தது. இருமல் வந்த மாதிரி இரண்டு தடவை இருமிவிட்டு, மீதித் துணியை மடித்து முடித்தாள். நான் பேப்பரைத் திருப்பினேன்.

காலை நடைப்பயிற்சியில் காதில் மாட்டிக்கொண்டு நான் கேட்பது அந்தப் பதிவுகளைத்தான். செய்தி கேட்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போட்டுக் காட்ட மனம் வரவில்லை. இழந்ததை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுவது போலாகுமே என்று பயம். மகளிடம் சொல்லலாம் என்றால், அவள் வயிற்றில் எந்த ரகசியமும் ரயில் கிள்ளான் வந்து சேரும்வரைகூடத் தங்காது. வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிப் பத்திரப்படுத்தப் பார்த்தேன். கோயில் குழுவுக்குப் போக இருந்தது, கடைசி நொடியில் நிறுத்தினேன். அன்றோடு அந்த முயற்சிக்கு ஒரு கும்பிடு.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் புதுக் கைப்பேசியோடு வந்து இறங்கினாள். போனஸ் பணமாம். அவள் வாங்கி வந்துவிட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியைப் பிரித்தபோது நன்றாகத்தான் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அப்பா, உங்க போன்ல இருக்கிற எல்லாத்தையும் இதுக்கு மாத்திடலாம். ரெண்டையும் பக்கத்துல வெச்சா அதுவே பாத்துக்கும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே லா. ஏன், ஏதாச்சும் ஒளிச்சி வெச்சிருக்கீங்களா?"

சிரித்து மழுப்பினேன். எல்லாமே போகும் என்றால், பாட்டும் யார் கண்ணிலும் படாமல் கும்பலோடு போய்விடும். எனக்கு அது போதும்.

ஆனால் எங்கள் வீட்டில் புதுப் பொருள் எதுவும் சாமிக்கு முன்னால் போகாமல் வேலை செய்யாது. கார், வாஷிங் மெஷின், அரிசி குக்கர், எல்லாம் அப்படித்தான். மனைவி இரண்டு கைப்பேசிகளையும் தாம்பாளத்தில் வைத்துச் சூடம் காட்டினாள். பழையது எதற்கு என்று மகள் கேட்டாள். "அதுவும் இத்தனை வருஷம் உழைச்சிருக்கில்ல, மனசு கஷ்டப்படும்" என்றாள் மனைவி. ஆளுக்கு ஒரு சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். பழையதற்குப் பொட்டு வைக்க அவளுக்கு வாகாகத் தெரிந்த இடம், பின்பக்கம் வட்டமாக இருந்த கேமரா.

புதுக் கைப்பேசி தன் திரையில் ஒரு கட்டம் போட்ட படத்தைக் காட்டி, இதைப் பழையதின் கேமராவால் பார்க்கச் சொன்னது. பழையதற்கு உலகமே செக்கச்செவேல் என்று தெரிந்தது. துடைத்தோம். சந்தனம் கேமரா விளிம்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மகள் பல் குத்தும் குச்சி, பஞ்சு, என் மூக்குக் கண்ணாடித் துணி என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆப்பரேஷன் செய்தாள். ஒருவழியாகக் கட்டம் தெரிந்தபோது மணி நாலே கால் தாண்டிவிட்டது.

"முழுசா மாற ஒன்றரை மணி நேரம் காட்டுது" என்றாள் மகள். "ஆனா பழசுல பேட்டரி பாதிகூட இல்லையே. சார்ஜர்லயும் போட முடியாது."

மனைவிக்கு அது காதில் விழவில்லை. அவள் பார்த்தது சுவரில் தொங்கிய காலண்டரை. ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம்.

"இப்ப வேணாம். ஆறு மணிக்கு மேல பாத்துக்கலாம்."

"அம்மா! இந்தியாவுல போட்ட நேரம்மா அது. இங்க சூரியன் எத்தனை மணிக்கு வருதுன்னு தெரியுமா?"

இந்த வாதத்தை நான் கல்யாணமான புதிதிலேயே போட்டுத் தோற்றிருக்கிறேன். என் கவலை வேறு. ஆறு மணிவரை அந்தப் பழைய உயிர் தாங்குமா? சும்மா வைத்திருந்தாலே இறங்குகிற பேட்டரி அது.

அப்போது மனைவியே ஒரு வழி சொன்னாள். பயணம் கிளம்ப நேரம் சரியாக அமையாவிட்டால் அவள் ஒன்று செய்வாள். நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியிடம் வைத்துவிடுவாள். பெட்டி கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பின மாதிரி. பிறகு எப்போது புறப்பட்டாலும் தோஷம் இல்லை. மகள் பல்கலைக்கழகம் போனபோது அவளுடைய பெட்டி இரண்டு நாள் முன்னாலேயே போய் அந்த வீட்டு வாசலில் காத்திருந்தது. ஆன்டி ஒரு கேள்வி கேட்கமாட்டார், துண்டு போட்டு மூடிவைப்பார்.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் இப்ப அனுப்பிடுங்க. நல்ல நேரத்துல ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும். மத்தது அப்புறம் வரட்டும்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் செய்தாள். புதியதைத் திறந்து தயார் செய்துவிட்டுப் பழையதை என் கையில் கொடுத்தாள். "ஏதாச்சும் ஒண்ணைத் தொட்டு, இந்த அம்புக்குறியை அமுக்குங்கப்பா. சீக்கிரம்."

"அம்மன் படம் ஒண்ணு இருக்குமே, அதை அனுப்புங்க" என்றாள் மனைவி.

இருந்தது. அலங்காரத்தோடு நல்ல படம். நான் அதைத் தேடித்தான் போனேன் என்று சொன்னால் பொய். கிடங்கில் அத்தனை வருடம் சரக்கு இறக்கியவனுக்கு ஒன்று தெரியும். பாதியில் நின்ற இறக்கத்தில் எது வந்து சேரும், எது சேராது என்று யாராலும் சொல்ல முடியாது. கண்டிப்பாக வேண்டியதை முதலில் இறக்கிவிட வேண்டும். படம் இன்னொன்று கிடைக்கும். அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள். எனக்கு மிகவும் பிடித்த அந்தப் பதிவைத் தொட்டு, அம்புக்குறியை அமுக்கினேன். நாலரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

புதியது கிணுகிணுத்தது. "வந்துடுச்சு! என்னது இது, படம் இல்லையே?" என்ற மகள், நான் கையை நீட்டுவதற்குள் அதைத் தொட்டுவிட்டாள்.

மழைச் சத்தம் கேட்டது. தகரக் கூரை. பிறகு அந்தக் குரல், மழைக்கு மேலே ஏறி, வரி மறந்த இடத்தில் ராகத்தை இழுத்துக்கொண்டு.

மனைவி முகம் மாறியது. "யாருங்க இந்தப் பொம்பளை?"

மகள் கையிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"கேக்குறேன்ல? யாரோட பாட்டை நீங்க ரெகார்டு பண்ணி வெச்சிருக்கீங்க?"

பதிவில் குக்கர் விசில் அடித்தது. பாட்டு நின்றது. அதே குரல் அதட்டியது: "என்னங்க! அடுப்பை அணைங்க லா! பேப்பருக்குள்ளயே குடித்தனம் பண்றீங்களா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பதிவில் நான் எழுந்து போகும் செருப்புச் சத்தம், அடுப்பு அணைகிற சத்தம். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி பாட்டு.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைசிவரை கேட்டாள். முடிந்ததும், "நான் இவ்வளவு நல்லாவா பாடுனேன்?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை, கைப்பேசியிடம்.

"இன்னும் இருக்கு" என்றேன். "நெறைய இருக்கு."

இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். காட்டலாம் என்று பழையதை எடுத்தபோது திரை கறுத்திருந்தது. மகள் ராகு காலத்தை மறந்து, தன் பயத்தையும் மறந்து, சார்ஜரில்கூடப் போட்டுப் பார்த்தாள். வெளிச்சமே வரவில்லை. பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கும் கொண்டுபோனாள். அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள். நண்பர்களின் எண்களும் படங்களும் ஏற்கெனவே இணையத்தில் எங்கோ பத்திரமாக இருந்து, ஆறு மணிக்கு மேல் ஒவ்வொன்றாகப் புதியதில் வந்து இறங்கின. அம்மன் படமும் வந்தது. பாட்டுகளில் அந்த ஒன்றுதான். எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் கேட்டுவிட்டாள் என்ற நிம்மதி வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"பாத்தீங்களா, நல்ல நேரத்துல ஒண்ணை அனுப்புனதாலதான் அதாச்சும் தப்பிச்சுது" என்று மனைவி வெற்றியைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள். சூடமும் சந்தனமும் தின்ற நேரத்தில் எல்லாமே வந்து சேர்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை.

அன்று இரவு மகளை ரயில் ஏற்றிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். புதுக் கைப்பேசியைக் காணவில்லை. அடுக்களையில் சத்தத்தைக் குறைத்து வைத்து அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூடவே இன்னொரு குரல், மிகத் தாழ்வாக, பிசிறோடு, உயர்ந்த இடங்களில் ஏறாமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போனது. வரி மறந்த இடத்தில் இரண்டும் ஒன்றாக இழுத்தன. பழக்கத்தில் என் கை பேப்பரை எடுத்தது. பின்னால் வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

பாட்டு முடிந்தது. அவள் கைப்பேசியோடு வெளியே வந்தாள்.

"இதுல எங்க அமுக்கணும்?"

சிவப்பு வட்டத்தைக் காட்டினேன். வாங்கி, எப்போதும் போல மேசைக்கு அந்தப் பக்கம், பேப்பருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"அங்க வேணாங்க" என்றாள். "கிட்ட வைங்க. இப்ப என் குரல் அவ்வளவு தூரம் வராது."