வெளியே இருக்கும் கைப்பிடி

என் அலுவலக மேசையில் ஒரு சிவப்புக் கைப்பிடி கிடக்கிறது. இரண்டு விரல் கொள்ளும் அளவு. அதன் கழுத்தில் ஒரு முழம் கறுப்புக் கயிறு சுற்றியிருக்கிறது. வருகிறவர்கள் ஏதோ கோயில் சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. ஒரு நல்ல மனிதரின் பேரை நான் கெடுத்ததற்கு அதுதான் சாட்சி.

ஓசூரில் எனக்குச் சிறிய லேத் பட்டறை இருக்கிறது. பிறந்தது நாகரசம்பட்டியில், மாந்தோப்புக்காரர் வீட்டில். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. எடை போடுகிறவன், மருந்து அடிக்கிறவன், வேலி ஓரம் ஒன்றுக்குப் போகிறவன் என்று அப்பா எல்லோரையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு அந்தக் கண் அப்படியே வந்தது. போதாததற்குப் பந்தயத் தடத்தில் வண்டி ஓட்டும் பைத்தியமும் பிடித்தது. பழைய கார் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு, இரும்புக் கூண்டு வைத்து, லாரியில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோவேன். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். அதைத் திருப்பினால் வண்டியின் மின்சாரம் மொத்தமும் செத்து, எஞ்சினும் அடங்கிவிடும். ஓட்டுகிறவன் கைக்கும் அது எட்ட வேண்டும், வெளியே நிற்கிறவன் இழுத்து அணைக்க வெளியிலும் அதற்கு ஒரு கைப்பிடி வேண்டும்.

அதைப் பொருத்த வந்தவர் கர்நாடக எல்லையோரம் இருக்கும் தளி என்ற ஊர்க்காரர். ஒயரிங்காரர் என்றால்தான் பட்டறைகளில் தெரியும். என் வயதுதான். வீட்டில் கன்னடம், எங்களிடம் கன்னட வாடை அடிக்கும் தமிழ். நான் ஆட்களைச் சந்தேகப்படுவேன், அவர் ஒயர்களைச் சந்தேகப்படுவார். சுவிட்சைக் கியர் பக்கத்தில் வைக்கச் சொல்லி விரலால் காட்டினேன். அவர் என்னை இருக்கையில் உட்காரவைத்து, தோள் பட்டைகளை மூச்சு முட்டும் வரை இறுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு நான் காட்டிய இடத்தைத் தொடச் சொன்னார். என் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

“பெல்ட்டு போடாம கை எங்க வேணா போவும் சார். போட்டப்புறம் போற எடந்தான் எடம்” என்றார். என்னை அவிழ்த்துவிடாமலேயே அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டார்.

வெளிக் கைப்பிடிதான் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில், போகிறவன் வருகிறவன் எல்லாம் இழுத்துப் பார்க்கும்படி அது நின்றது. மூடி போட்டுப் பூட்டலாமா என்று கேட்டேன். “அது உங்களுக்கு இல்ல சார். உங்கள யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு. நீங்க மயங்கிக் கெடக்கறப்ப அவன் சாவிய எங்க தேடுவான்?” என்று சொல்லிவிட்டு, ஒரே விரலில் இழுத்தால் வரும்படி அதை இலகுவாக்கினார். முன்பின் தெரியாதவனை நம்பி என் எஞ்சினை ஒப்படைப்பதா என்று உள்ளுக்குள் எரிந்தது. பிறகு என் மனைவி வந்து பூஜை போட்டாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பானட்டில் குங்குமம், திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு, எல்லாம் முறைப்படி நடந்தது. என் பட்டறை மெக்கானிக்குகள் இரண்டு பேரும் ஒயரிங்காரரும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

முதல் நாளே தடத்தின் நீள நேர்ப்பாதையில், முழு வேகத்தில், வண்டி செத்தது. பின்னால் வந்த கார் மயிரிழையில் விலகிப் போனது. காவல் நிற்கும் ஆட்கள் ஓடி வந்து, அவர்கள் வழக்கப்படி, முதலில் கைப்பிடியை இழுத்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார்கள். அது முன்பே இழுபட்டிருந்ததா என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. பட்டறையில் ஒயரிங்காரர் அங்குலம் அங்குலமாகத் தேடினார், ஒரு குறையும் இல்லை. மறுமுறையும் அதே நேர்ப்பாதையில் வண்டி நின்றது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒயரிங்காரர் முன்பு எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பந்தயக்காரரிடம் வேலை பார்த்தவர். போன் வந்தால் தள்ளிப் போய்க் கன்னடத்தில் பேசுவார். ஏன் தள்ளிப் போக வேண்டும்? கைப்பிடியை இலகுவாக்கியது ஏன்? பூட்டு வேண்டாம் என்றது ஏன்? மூன்று நாள் இதையே மென்றேன். நாலாம் நாள் மெக்கானிக்குகள் பார்த்திருக்க, “நீங்க யாருக்கு வேலை பாக்கறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. “ஒரு ரவுண்டு என்னையும் பக்கத்துல ஒக்காரவெச்சு ஓட்டுங்க சார். ஓடற வண்டியில பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். தடயத்தை அழிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து மறுத்தேன். பையை எடுத்துக்கொண்டு தளி பஸ் ஏறினார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, மெக்கானிக்குகளுக்கு வாய் இருந்தது. கொஞ்ச நாளில் ஓசூரில் எந்தப் பட்டறையும் அவரைக் கூப்பிடவில்லை என்று தெரிந்தது. சரிதான் என்று நினைத்தேன்.

அவர் போன பிறகும் வண்டி நின்றது. யாரோ கைவைக்கிறார்கள் என்று கையும் களவுமாகப் பிடிக்க, கைப்பிடியைப் பார்த்தபடி ஒரு சிறு கேமராவை உள்ளே ஒட்டினேன். அதில் எந்த ஆளும் சிக்கவில்லை. நேர்ப்பாதையில் வேகம் ஏற ஏற, காற்று வைப்பர் தண்டைக் கண்ணாடியிலிருந்து மெல்லத் தூக்கியது. தண்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே கட்டியிருந்த கறுப்புக் கயிறு விறைத்தது. கைப்பிடி வெளியே வந்தது. எங்கள் பக்கம் கறுப்புக் கயிறு இல்லாத வண்டி கிடையாது, அதனால் அது யார் கண்ணிலும் தைக்கவே இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கேமராவின் குட்டித் திரையில் பார்த்தேன்.

கைப்பிடியைக் கயிற்றோடு கழற்றிக்கொண்டு தளிக்குப் போனேன். ரோஜாத் தோட்டம் ஒன்றில் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“பூஜை அன்னிக்கு இதுல கைவெச்சது நாலு பேரு சார். மெக்கானிக்குங்க ரெண்டு பேரு, நானு, உங்க வீட்டம்மா. கயிறு கட்டறத நானும் பாத்தேன், எனக்கும் தோணல. ஆனா சந்தேகம் மட்டும் எம்மேலதான வந்துச்சு.” பட்டறைக்கு வரச் சொல்லி அழைத்தேன். “நீங்க அந்த வார்த்தையச் சொன்ன எடம் இது இல்லயே” என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டார்ட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளே பட்டறையில் மெக்கானிக்குகளை நிறுத்தி, வீடியோவைக் காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். ஒருவன் தலையாட்டினான். இன்னொருவன் என்னைத் தனியே கூப்பிட்டான். “கட்டுனது அண்ணிதான், சரிங்கண்ணா. அங்க கட்டுங்கன்னு சொன்னது யாரு?”

அவனை அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். அதைவிடக் கேவலம், வீடு போய்ச் சேரும்வரை அது என் மண்டையிலும் குடைந்துகொண்டே வந்தது. சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டேவிட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “எங்க கட்டறதுன்னு கேட்டேன். போன் பேசிக்கிட்டே நீங்கதான் அந்தச் செவப்பத் தொட்டுக் காமிச்சீங்க” என்றாள்.

அதையும் பட்டறையில் போய்ச் சொன்னேன். அவளைக் காப்பாற்றப் பழியை நான் ஏற்றுக்கொள்வதாக அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. தளிக்கு ஆள் அனுப்பினேன், ஒயரிங்காரர் இன்றுவரை வரவில்லை. வண்டியில் இப்போது புதுக் கைப்பிடி இருக்கிறது, அவர் வைத்த அதே இடத்தில், அதே இலகுவோடு, பூட்டில்லாமல். பழையது மேசையில் கிடக்கிறது. அவர் வந்தால் அவர் கையாலேயே அவிழ்க்கட்டும் என்று கயிற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.