பப்பு கடைசியில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் போதும், வெளியூர்க்காரர்களுக்கு வாயில் எச்சில் ஊறிவிடும். "அப்போ தினமும் பால்கோவாதான்!" என்பார்கள். அடப் போங்கப்பா. நான் அங்கே வருடக்கணக்காகத் தின்றதெல்லாம் கோஸ் பொரியலும் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும்தான். ராஜபாளையத்தில் காலையில் சமைத்து, டப்பாவில் அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு போய், மத்தியானம் அலுவலகத்தின் பின்னறையில் பழைய ஃபைல்களுக்கு நடுவே உட்கார்ந்து தின்றேன். அந்தக் கோஸ் பொரியலுக்காகவே நான் லீவு போடாமல் போன நாட்கள் உண்டு என்றால் நம்பமாட்டீர்கள்.

நாங்கள் மூன்று பேர். நான் டைப்பிஸ்ட். இன்னொருவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து ஜீப் ஓட்டும் டிரைவர் அண்ணன், கூமாப்பட்டிக்காரர். அவர் வீட்டுத் தட்டப்பயற்றுக் குழம்பின் வாசனை டப்பாவைத் திறக்கும் முன்பே வெளியே வந்துவிடும். மூன்றாவது ஆள் அக்கா. எங்கள் செக்ஷனில் மூத்தவர், ராஜபாளையத்தில் எனக்கு மூன்று தெரு தள்ளி வீடு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் சுத்தமான தமிழ்தான் பேசுவார். ஆனால் அடுப்படிப் பேச்சு வந்தால் மட்டும் பருப்பு, 'பப்பு' ஆகிவிடும். "ஒரு கை பப்பு போடு", "பப்பு கொழையக் கூடாது" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒருநாள் மளிகைக் கடையில் "பாசிப் பப்பு அரைக் கிலோ" என்று கேட்டுவிட்டு நானே சிரித்தேன்.

சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் மூன்று டப்பாவும் நடுவில் வந்துவிடும். யார் வீட்டுக் குழம்பு யார் சோற்றில் விழுகிறது என்று கணக்கே கிடையாது. ஆனால் முதல் வாய் அக்காவுக்கு. உப்பு பார்ப்பது அவர் வேலை. நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்து, செத்த நேரம் கண்ணை மூடி, "சரி" என்பார், இல்லாவிட்டால் "ஒரு கல்லு கம்மி" என்பார். அந்த ஒரு கல்லுக்காக எனக்கும் அவருக்கும் நடக்காத சண்டையில்லை. வாட்ஸ்அப்பில் எங்கள் மூவருக்கும் ஒரு குரூப்பும் வைத்திருந்தோம். காலை ஆறு மணிக்கே அதில் அக்காவின் குரல் வந்துவிடும். கத்திரிக்காயை அரிசி கழுவின தண்ணியில நறுக்கிப் போடு, கறுக்காது. ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டினதும் எறக்கிரு. கருவேப்பிலையை எண்ணெயில போடுறதுக்கு முன்னால ஈரத்தைத் தொடச்சிரு, மூஞ்சியில தெறிக்கும். இப்படி ஆயிரம்.

ஒரு மத்தியானம் என் சாம்பாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒரு கல்லு கம்மி" என்றார். அன்றைக்கு எனக்கு நேரம் சரியில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது, டைப் அடித்த தாளை ஆபீசர் இரண்டு தடவை திருப்பி அனுப்பியது, எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது. "எம்புட்டுப் போட்டாலும் ஒங்களுக்குக் கம்மிதான். கோளாறு என் சாம்பார்ல இல்ல, ஒங்க நாக்குல இருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். அக்கா அடுத்த டப்பாவுக்குக் கையை நீட்டினார். டிரைவர் அண்ணன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். எனக்கு முன்கோபம், வந்த வேகத்தில் போய்விடும். ஐந்து நிமிடத்தில் நான் மறந்துவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அக்கா எங்கள் டப்பாவைத் தொடுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில்தான் உட்காருவார். ஆனால் தன் டப்பாவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு, வெறும் மோர்ச்சோற்றை மளமளவென்று முழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். கேட்டால், "ஆண்டாளுக்கு வேண்டுதல்ட்டி, ஒரு மண்டலம் வெளிச் சாப்பாடு கெடையாது" என்பார். என் வீட்டுச் சோறு எப்போதிலிருந்து வெளிச் சாப்பாடு ஆனது? குரூப்பிலும் குரல் வருவது நின்றுபோனது. நானும் அண்ணனும் போட்ட குழம்புப் படங்களைப் பார்த்ததற்கு நீலக் குறி மட்டும் விழும்.

பிறகுதான் இன்னொரு செய்தி காதில் விழுந்தது. அக்கா ராஜபாளையத்துக்கே மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அலுவலகத்தில் எந்தக் கடிதமும் என் கை வழியாகத்தான் போகும். இதை மட்டும் தன் கையால் எழுதி நேராக ஆபீசரிடம் கொடுத்திருக்கிறார். ஆக, என்னிடம் மறைத்திருக்கிறார். அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு வார்த்தையால் ஒரு மனுஷியை ஆபீசை விட்டே துரத்திவிட்டேன் என்றுதான் தோன்றியது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அதுதான் என் கெட்ட குணம்.

அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் செய்தேன். அக்காவால் வேறு எதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடிந்தாலும் அடுப்படிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அது அவர் ரத்தத்தில் இல்லை. "அக்கா, நீங்க வைப்பியளே பீர்க்கங்காய்க் கூட்டு, அதை நான் வைச்சா தண்ணியா ஓடுது, எப்படி வைக்கணும்?" என்று இரவே குரூப்பில் கேட்டு வைத்தேன். அவருடைய கூட்டையே வைத்துக்கொண்டு போனால் ஒரு வாயாவது தொடாமல் இருப்பாரா, பார்ப்போம் என்று நினைத்தேன்.

விடிந்ததும் பதில் வந்திருந்தது. அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது, என் போனின் ஸ்பீக்கரோ எப்போதோ மாவில் விழுந்து கொரகொரவென்று ஆனது. காதில் வைத்துக் கேட்டேன். "தோலை ரொம்பச் சீவாத. காய் அதுபாட்டுல வேகட்டும், தண்ணி ஊத்தாத. பப்பு கடைசியில போடு. மொதல்லயே போட்டா காய் தண்ணி விட்டுரும்." எவ்வளவு நாள் கழித்து அந்தக் குரல்! அதில் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். வேகவைத்த பாசிப்பருப்பைக் கடைசியில்தான் போட்டேன். தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டேன், தாளித்தேன். அன்று அமாவாசை. எங்கள் வீட்டில் காக்காய்க்கு வைக்கும் முன் எதையும் ருசி பார்க்க மாட்டோம். மாடியில் வைத்துவிட்டு வந்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே டப்பாவில் அடைத்துக்கொண்டு ஓடினேன்.

மத்தியானம் டப்பாவைத் திறந்து அக்கா முன்னால் நகர்த்தினேன். "வேண்டுதல்ட்டி" என்றார். என் நல்ல எண்ணமெல்லாம் எங்கே போனதோ, சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆண்டாள்கிட்ட நான் பேசிக்கிடுதேன். இன்னைக்கு ஒரு வாய் திங்காட்டி, நாளையிலருந்து நான் டப்பாவே கொண்டாரமாட்டேன். கேன்டீன்ல போயி அந்தத் தக்காளிச் சோத்தைத் திங்கேன்" என்றேன். அந்தத் தக்காளிச் சோற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மிரட்டல் என்று தெரியும். அக்கா பெருமூச்சு விட்டு, நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

மறுபடி தொட்டு வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், கண் ஈரமாக இருந்தது. டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பாதிக் கூட்டைத் தன் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒரு மாதமாகப் பட்டினி கிடந்த ஆளைப்போல அப்படிச் சாப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அண்ணன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். மென்றார். பட்டாளத்துக்காரர், எதையும் முகத்தில் காட்டமாட்டார். மெல்ல முழுங்கிவிட்டு, "ஏம்மா, உப்புப் போட்டியா?" என்றார்.

நான் எடுத்து வாயில் வைத்தேன். அட கடவுளே! சுத்தமாக உப்பில்லை. ஒரு கல்லுகூட இல்லை. ஒரு கல்லு குறைந்தாலே கண்டுபிடிக்கிற அக்கா, இந்தச் சப்பென்ற கூட்டை வழித்துத் தின்றுகொண்டிருக்கிறார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா, என்னைக் கேலி பண்றியளா?" என்றேன்.

அக்கா கையை நிறுத்தினார். "கேலியா? நீ தெரிஞ்சுக்கிட்டுத்தான் எனக்காக உப்பில்லாம வச்சுக் கொண்டாந்தேன்னுல்லா நெனச்சேன்" என்றார். "யாரு சொன்னா ஒனக்கு? என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டியா?"

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. கால் வீங்கியிருக்கிறதே என்று மதுரையில் போய்க் காட்டியிருக்கிறார். பிரஷர் எக்கச்சக்கம். உப்பை அறவே குறைக்காவிட்டால் கிட்னியில் கைவைத்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேண்டுதலும் இல்லை, மண்டலமும் இல்லை. "உப்புப் பாக்கவளுக்கு உப்பு ஆகாதுன்னு ஒங்ககிட்ட எப்படிட்டிச் சொல்ல? சொன்னா நீங்களும் எனக்காகப் பத்தியச் சோறு திம்பிய. எதுக்கு? பொறவு, ஒங்க டப்பா வாசனையில ஒக்காந்து மோர்ச்சோறு திங்க என்னால முடியல. வீட்டுப் பக்கமா மாத்திட்டுப் போயிட்டா மத்தியானம் தனியாத் தின்னுட்டு வந்துரலாம்."

நான் வாயைத் திறந்தேன். 'ஆமாக்கா, தெரிஞ்சுதான் செய்தேன்' என்று சொல்லிவிட்டால் போதும். அவர் முகத்தில் அந்த நேரம் அவ்வளவு சந்தோஷம். அதைக் கலைக்க எந்தப் பாவிக்கு மனசு வரும்? ஆனால் இந்த மாதிரிப் பொய் எனக்கு நிற்காது, இரண்டு நாளில் நானே உளறிவிடுவேன். "இல்லக்கா," என்றேன். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. உப்பு எப்பப் போடணும்னு நீங்க சொல்லவே இல்ல. சொல்லுவிய சொல்லுவியன்னு பாத்தே மறந்துட்டேன். பப்பு கடைசியிலன்னு மட்டுந்தான சொன்னிய?"

"பப்பா?" என்றார் அக்கா. அண்ணன் தன் போனில் அந்தக் குரலைப் போட்டார். நல்ல ஸ்பீக்கர். பின்னறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது: "உப்பு கடைசியில போடு. மொதல்லயே போட்டா காய் தண்ணி விட்டுரும்."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் முன்னறையிலிருந்து ஆபீசர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அக்காவுக்குப் புரையேறி, கண்ணில் நீர் வந்து, நான் தலையில் தட்டினேன். சிரிப்பு அடங்கியும் அவர் கண்ணில் நீர் நிற்கவில்லை. அப்போதுதான் அது சிரிப்பில் வந்த நீர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"வீட்டுல ரெண்டு சட்டியா வைக்கேன்" என்றார், சோற்றைப் பார்த்தபடி. "அவியளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவிய தின்னு முடிச்ச பொறவு நான் அடுப்படியில நின்னுக்கிட்டே தின்னுருவேன். ஒரு மாசமா நான் திங்கிற சோத்தை வேற யாரும் திங்கலட்டி. மறந்து செஞ்சா என்ன, தெரிஞ்சு செஞ்சா என்ன? இன்னைக்கு நீ தின்ன."

அண்ணன் டீக்கடையில் உப்புப் பொட்டலம் வாங்கி வருவதற்காகப் பாதி எழுந்திருந்தார். திரும்ப உட்கார்ந்து, மிச்சக் கூட்டைத் தன் சோற்றில் கவிழ்த்துக்கொண்டார். நானும் தின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அது நன்றாக இல்லை. பீர்க்கங்காய்க்கு இப்படி ஒரு பச்சை வாசனை உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு நாக்கை டாக்டரிடம் காட்டச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். எந்த நாக்கு, எப்பச் சொன்ன என்று கேட்டார் அக்கா. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. நான்தான் ஒரு மாதமாக அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி இறங்கியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து குரூப்பில் மறுபடி ஆறு மணிக்கே சத்தம். உப்பில்லாமல் ருசியாக வைப்பது எப்படி என்பதுதான் ஒரே பேச்சு. வறுத்து அரைத்தால் உப்புக் கேட்காது என்பார் அக்கா. புளியைக் குறைத்தாலே பாதி உப்புக் குறைந்துவிடும் என்பார் அண்ணன், அவர் மனைவியிடம் கேட்டுவிட்டு. பொரியலை இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிவது நான் கண்டுபிடித்தது, அதை யாரும் மறக்கக் கூடாது. மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட சுரைக்காய் தேறியது. நான் வைத்த உப்பில்லாத வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு மட்டும் படுதோல்வி. அண்ணன் அதை மிகவும் மரியாதையாக ஜீப்புக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டியதை நான் பார்த்துவிட்டேன். நடுவில் வைக்கிற ஒரு டப்பா மூவருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் சட்டம். உப்பு வேண்டுகிறவர் வீட்டில் போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

மாறுதல் விஷயத்தை நான் கேட்கவே இல்லை. பயம்தான். இரண்டு வாரம் கழித்து அக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மாறுதல் வேண்டாம் என்று ஒரு கடிதம் அடித்துக் கொடு என்றார். பெறுநர், அனுப்புநர், பொருள் எல்லாம் அடித்து முடித்துவிட்டு, குரலை அலுவலகக் குரலாக்கிக்கொண்டு, "காரணம்னு ஒண்ணு போடணும்க்கா. என்ன போடட்டும்?" என்று கேட்டேன்.

அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "குடும்பச் சூழ்நிலைன்னு போடு" என்றார்.