சனிக்கிழமைக்கென்று வைத்த போத்தல்

காலை பத்து மணிக்கு உணவகத்தின் பின்வாசலில் இறைச்சி வண்டி வந்து நின்றது. ஆட்டுத் தொடைகளை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. புவனேஸ் அக்கா, தர்மகுலசிங்கம் அண்ணையின் மனைவி. "தம்பி, அண்ணை போயிட்டார்," என்றார். அழவில்லை. பதினொரு மாதமாக அழுது முடித்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டு, இறைச்சியைக் குளிரறையில் அடுக்கினேன். அதற்குப் பிறகுதான் சமையல் அங்கியைக் கழற்றினேன்.

திரு. தர்மகுலசிங்கம் அவர்கள் மத்திய லண்டனில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் இருபத்திரண்டு வருடம் வைன் பரிமாறினார். அங்கே நான் சமையல்காரன். என்னைவிட மூன்றே மாதம் மூத்தவர். அந்த மூன்று மாதத்துக்காகக் கடைசிவரை தன்னை அண்ணை என்று கூப்பிட வைத்துவிட்டார்.

அவர் முதலில் வந்து சேர்ந்தது கோப்பை கழுவுவதற்கு. ஒரு மத்தியானம் முகாமையாளரின் கையிலிருந்த போத்தலின் லேபிளைப் பார்த்துவிட்டு, இந்தத் தோட்டம் எனக்குத் தெரியும் என்றார். லண்டனுக்கு வருமுன், விசா இல்லாமல் பிரான்சில் ஒளிந்து திரிந்த காலத்தில், போர்தோ நகரப் பக்கமிருந்த அந்தத் தோட்டத்தில் ஒரு பருவம் முழுக்கத் திராட்சைக் குலை வெட்டியிருக்கிறார். எந்தச் சரிவில் பழம் முந்திப் பழுக்கும், எங்கே மண்ணில் சரளைக்கல் அதிகம் என்று சவர்க்கார நுரை சொட்டும் கையோடு விளக்கினார். "வெட்டத்தான் விட்டவங்கள், குடிக்க விடேல்லை," என்று முடித்தார். ஆறு மாதத்தில் அவருக்கு வைன் பரிமாறுகிறவரின் கறுப்புக் கோட்டு கிடைத்தது.

அந்தத் தோட்டத்தின் சிவப்பு வைன் மூன்று வகை. உடனே குடிக்கிற இலேசானது ஒன்று, துவர்ப்புத் தூக்கலான இளையது ஒன்று, பல வருடம் காத்திருக்கவேண்டிய பெரியது ஒன்று. ஊழியர் சாப்பாட்டுக்கு நான் எங்கள் கறி வைக்கும் நாட்களில், மேசைகளில் மிஞ்சிய வைனை வைத்து அண்ணை ஆராய்ச்சி நடத்துவார். இளையதை மிளகாய்க் குழம்போடு சேர்க்கவே கூடாது, துவர்ப்பும் உறைப்பும் ஒன்றையொன்று கிளப்பி வாயை எரித்துவிடும் என்பார். இலேசானதைக் கொஞ்சம் குளிரவைத்தால் கணவாய்ப் பிரட்டலுக்குச் சரிவரும். பெரியது ஆட்டிறைச்சிக்கு. அதுவும் உறைப்பைக் குறைத்து, கறுவாப்பட்டையும் பெருஞ்சீரகமும் போட்டு, எலும்போடு ஆறுதலாக வேகவைத்த கறிக்கு. அப்படியே நானும் வைத்துக் கொடுப்பேன். "பிழையில்லை. ஆனா புவனேசின்ர கைக்குக் கிட்ட வராது," என்பார். இருபத்திரண்டு வருடமும் இதே தீர்ப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை பெரிய இடத்து மனிதர் ஒருவர், விலைகூடிய போத்தல் ஒன்றை ருசித்துவிட்டு அருமை என்றார். அண்ணை முகர்ந்து பார்த்து, மன்னிக்கவேண்டும், இது கெட்டுவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றார். விருந்தினர் முன்னால் அந்த மனிதருக்கு முகம் சிவந்துபோனது. முகாமையாளர் அண்ணையை உள்ளே கூப்பிட்டு நன்றாக ஏசினார். பிறகு அண்ணை என்னிடம் வந்து சொன்னார்: "கெட்டதை நல்லதெண்டு சொல்லி ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது, தம்பி. பிறகு அவர் நல்லதைக் கண்டாலும் நம்பமாட்டார்."

பதினைந்து வருடச் சேவைக்கு என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, நிலவறையில் கிடந்த ஒரு போத்தலைக் கேட்டு வாங்கினார். அவர் குலை வெட்டிய அதே வருடத்துப் பெரிய வைன். ஆனால் திறக்கவில்லை. வைன் பரிமாறுகிறவருக்குச் சனிக்கிழமை மாலை என்று ஒன்று கிடையாது. அக்கா லண்டனுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட இருவரும் சேர்ந்திருந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. வேலையை விட்ட முதல் சனிக்கிழமை, அக்காவின் ஆட்டிறைச்சிக் கறி, இந்தப் போத்தல், ஒரே மேசை. அதுதான் அவருடைய திட்டம். "அவ குடிக்கவேண்டாம். முன்னால இருந்தாக் காணும்," என்றார்.

மனோர் பார்க்கிலிருந்த அவர்கள் வீட்டில் போத்தல் படிக்கட்டுக்குக் கீழே படுத்திருந்தது. கந்தசஷ்டிக்கு அக்கா ஆறு நாளும் விரதம். அந்த நாட்களில் வீட்டுக்குள் மது இருக்கக்கூடாது. அண்ணை அதைக் கம்பளியில் சுற்றிப் பின்வளவு ஷெட்டில் கிடத்திவிட்டு, ஏழாம் நாள் விடிந்ததும் உள்ளே கொண்டுவந்துவிடுவார். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அந்தப் போத்தலுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

சென்ற வருடம், டிசம்பரில் நத்தாரோடு வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்தார். சில வாரங்களில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். சஷ்டி தொடங்கியபோது அவர் ஆஸ்பத்திரியில். அதன்பிறகு அவருக்கு எந்தச் சனிக்கிழமையும் வாய்க்கவில்லை. இந்த யூலையில், கஞ்சிகூட விழுங்க ஏலாமல் கிடந்தவர், "போத்தல் படிக்குக் கீழதானே கிடக்கு?" என்று கேட்டார். ஓம் அண்ணை என்றேன். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டுமென்று தோன்றவுமில்லை.

எட்டுச் செலவு, இறந்தவர் விரும்பி உண்டதையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். அக்கா விடியமுன் எழுந்து ஆட்டிறைச்சிக் கறி வைத்தார். படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டாயிற்று. பிறகு பின்வளவுக்குப் போய்ப் போத்தலோடு வந்து, என்னைத் திறக்கச் சொன்னார். கம்பளி இல்லை. நிமிர்த்தி வைத்திருந்ததால் தோளெல்லாம் தூசி படிந்திருந்தது. போன சஷ்டிக்கு வெளியே வைத்தது, ஆஸ்பத்திரி அலைச்சலில் உள்ளே எடுக்க மறந்துபோனேன் என்றார். ஒரு பனிக்காலம், அதற்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே ஒரு முழுக் கோடை. படுக்கவைக்காததால் காய்ந்துபோன தக்கை என் கையில் பொடியாக உதிர்ந்தது. கிளாசில் ஊற்றும்போதே புளித்த வினாகிரி மணம் எழுந்தது.

"நல்லா இருக்கோ, தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. நல்லா இருக்கு."

படைத்து முடிந்து வந்தவர்கள் சாப்பிடத் தொடங்கியபோது, அக்கா அந்தக் கிளாசை எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"இதுக்கோ இந்த மனுசன் இவ்வளவு காலமும் காத்திருந்தது?"

உண்மையைச் சொன்னால், ஷெட்டில் நின்றுதான் வைன் கெட்டது என்றும் சொல்லவேண்டும். அந்தப் பழியை அவர் சாகும்வரை சுமப்பார். சொல்லாவிட்டால், அண்ணை ஆயுள் முழுக்க விரும்பியது இந்தப் புளிப்பைத்தான் என்று நினைத்துக்கொண்டே இருப்பார். நான் தட்டைக் கையில் எடுத்தேன். கறியைச் சாப்பிட்டேன். அண்ணையின் தீர்ப்பு சரிதான், என் கை அதற்குக் கிட்ட வராது. அழுகை வந்துவிட்டது, உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார் அக்கா. அண்ணையின் நேர்மையைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். இந்தக் கட்டுரை அதில் வராது. அக்காவின் கைக்கு இது ஒருபோதும் போகாது.

மிச்ச வைனை அக்கா கொட்டவில்லை. போத்தல் வாயைத் துணியால் அடைத்து, படிக்கட்டுக்குக் கீழே பழைய இடத்தில் வைத்தார். அவருக்குப் பிடித்ததல்லவா, இந்தமுறை சஷ்டிக்கு வெளியே வைக்கமாட்டேன் என்றார்.

அண்ணை, போத்தல் படிக்குக் கீழேதான் இருக்கிறது. இந்தத் தடவை நான் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். போய்வாருங்கள்.