அக்கா கல்யாணத்துக்கு நான் வரைந்த பத்திரிகை

போன வாரம் செம்பூரில், பேத்தி கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்துகொண்டிருந்தாள். சிநேகிதிக்காகவாம். ஏதோ ஒரு பட்டனைத் தட்டினாள் — படத்திலிருந்த மயில் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது. கூடவே எழுத்தும்!

“ஐயையோ, அதைத் தொடாதே!” என்று கத்திவிட்டேன். என் காபி கொட்டியதுதான் மிச்சம்.

எதற்கு இத்தனை பதற்றம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

நாற்பதுகளில், யுத்த காலத்தில், பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்தோம். எனக்கு ஃபோர்ட் பகுதியில் குமாஸ்தா வேலை. உயிரெல்லாம் படம் போடுவதில். இந்தியன் இங்க், ஒரு பிரஷ், பழைய காலண்டரின் பின்பக்கம் — போதும், சாப்பாடு வேண்டாம். அந்த இங்க் வாசனைக்காகவே இன்னொரு தரம் இருபத்திரண்டு வயதாகலாம் போலிருக்கிறது. அப்பாவோ அதைக் ‘கிறுக்கல்’ என்பார்.

கமலா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு பம்பாய்க்குப் பக்கத்தில், கல்யாண் என்ற ஊரில். எங்களைப் போலவே பாலக்காட்டுக்காரர்கள். தமிழ் எழுத்து வைத்திருந்த அச்சகம் அப்போது பம்பாயில் அபூர்வம். மெட்ராஸில் அடித்தால் பார்சல் எப்போது வரும் என்பது ரயில்வேக்கே வெளிச்சம்.

“முழுப் பத்திரிகையும் நானே கையால எழுதித் தரேன். அதை அப்படியே தகட்டுல பிளாக் பண்ணி அடிச்சுடலாம்” என்றேன். அப்பா சரி என்றார்! வாழ்க்கையில் முதல் தடவை.

எட்டு நாள் வரைந்தேன். ஓரமெல்லாம் மாவிலை, மேலே குத்துவிளக்கு. இங்கேதான் என் மேதாவித்தனம்... அச்செழுத்து திரும்பியிருக்கும், காகிதத்தில் பட்டால் நேராகும் என்று எங்கோ எட்டிப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். ஆகவே அத்தனை எழுத்தையும் கண்ணாடி வைத்துக்கொண்டு இடவலம் மாற்றி எழுதினேன்.

“என்னடா, எல்லாம் திரும்பிண்டு நிக்கறது?” என்றாள் அக்கா.

“அச்சுன்னா அப்படித்தான். நோக்கு டெக்னிக் தெரியாது.”

கிர்காமில் பிளாக் செய்து அச்சடித்தவர் மராட்டிக்காரர். தமிழ் வாசிக்கத் தெரியாது. “ஊப்பர் கிதர், பாபு?” என்று மட்டும் கேட்டார். மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். பிளாக் செய்யும்போது படம் தானே திரும்பிவிடும் என்பது எனக்கு எங்கே தெரியும்?

முந்நூறு பத்திரிகை. அத்தனையும் கண்ணாடி எழுத்து! மறுபடி அடிக்கலாமென்றால் காகிதக் கட்டுப்பாடு.

அப்பா திட்டவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். “சம்பந்தியாத்துல அபசகுனம்னுட்டா என்னடா பண்ணுவேன்? ஏற்கெனவே ரெண்டு வரன் தட்டிப் போயாச்சு...”

அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிரஷ்களை முறித்துப் போடலாம் போலிருந்தது எனக்கு.

மறுநாள், மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையோடு கல்யாண் லோக்கலில் ஏறினேன். மாப்பிள்ளையின் அம்மா வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்.

“என்ன பாஷை அம்பி இது?”

நடந்ததைச் சொன்னேன். “தப்பு என்னோடதுதான் மாமி. அக்காவை ஒண்ணும் சொல்லிடாதேங்கோ.”

மாமி கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் போய்ப் பத்திரிகையைப் பிடித்தார். ஒரு வரி விடாமல் உரக்க வாசித்தார். மாப்பிள்ளையும் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“அபசகுனமாவது, மண்ணாவது! விஷு அன்னிக்குக் காலங்கார்த்தால கணியில கண்ணாடி வெச்சுப் பார்க்கறோமில்லையா? பொண்ணு பேரை அதுலயே பார்த்தாச்சு, இதுக்கு மேல என்ன வேணும்? ஆமா, விளக்கு எத்தனை லட்சணமா இருக்கு... நீ போட்டதா?”

அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமாவது ஒன்றாவது!

முந்நூறும் அப்படியே தபாலில் போயின. ஒவ்வொரு உறை மேலும் ‘கண்ணாடியில் வாசிக்கவும்’ என்று அப்பா என்னை எழுதவைத்தார். பக்கத்திலேயே நின்று, நேராகத்தான் எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் சத்தியம் — கமலா அக்கா கல்யாணத்துக்குக் கண்ணாடி பார்க்காமல் வந்தவர் ஒருவர்கூட இல்லை!