பயறு போட்ட கொங்கிறீற்றுக் கட்டிகள்

அரியாலையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கூரைக்குக் கொங்கிறீற் போட நல்ல நாள் பார்த்து வைத்த கிழமைதான் எங்கள் பிரதேச சபை கட்டட விதிகளைப் புதுப்பித்தது. முந்தியென்றால் மேசன் காலால் ஒரு தட்டுத் தட்டி, "நல்ல இறுக்கம்" என்பார். அதோடு காரியம் முடிந்தது. இனிக் கடல்மண் கலக்கக் கூடாதாம், உவர்த் தண்ணீர் ஊற்றக் கூடாதாம். கூரைக்குப் போடும் அதே கலவையில் சின்னக் கட்டிகள் வார்த்து, நாலு கிழமை, அதாவது இருபத்தெட்டு நாள், தண்ணீரில் ஊறவிட்டு, இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்களாம். கட்டி தேறாவிட்டால் கூரையையே உடைக்க வேண்டியும் வரலாமாம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. சிறு வயதில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, முகாம் தகரத்துக்குக் கீழும் சொந்தக்காரர் வீட்டு விறாந்தைகளிலும் வளர்ந்தவள் அவள். கலியாணத்துக்குப் பிறகும் வாடகை வீடுகள்தான். சொந்தமென்று அவள் தலைக்கு மேலே வரும் முதல் கூரை இது.

கொங்கிறீற் போட்ட அன்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். இளந்தாரி. தன் கையாலேயே அச்சுகளை நிரப்பிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

நாலு கிழமை கழித்து ஆய்வுகூடத்துக்கு நானும் கூடப் போனேன். இயந்திரம் முதற்கட்டியை ஆசையாய்த் தொட்டதுதான் தாமதம், அது பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஊதிப்போன பயறு, எள்ளு, ஒரு செவ்வரத்தம் பூ. மற்றக் கட்டிகளும் அப்படியே. உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, இது கொங்கிறீற்றோ, மோதகமோ?"

வீட்டுக்கு வந்து கேட்டால், என் மனைவி கூசவே இல்லை.

"அத்திவாரக் கல்லுக்கு நவதானியம் போட்டுத்தானே வைச்சனாங்கள்? சோதனைக்குப் போற கட்டியளை வெறுமனே அனுப்பேலுமோ?"

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். நல்லவேளையாக அந்த உத்தியோகத்தருக்குப் புதுவிதிகள் தலைகீழ்ப் பாடம். கட்டி தேறாவிட்டால், கூரையிலேயே துளைத்து ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கலாமாம். அடுத்த நாளே துளைக்கும் இயந்திரத்தோடு வந்து நின்றார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. கூரைக்குள்ளையும் ஏதும் போட்டனீங்களோ?"

அவள் கூரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஈசான மூலையிலை, தம்பி. கொஞ்சம்."

"கொஞ்சமெண்டால்?"

"ஒரு நுள்ளு. சாமியாணை, ஒரு நுள்ளுதான்."

அவர் பெருமூச்சு விட்டு, நடுவில் ஒன்றும் ஈசான மூலையில் ஒன்றுமாகத் துளைத்தார். துளைக்கிற சத்தத்துக்கு அயலெல்லாம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. துண்டுகள் இரண்டும் முழுசாக வந்தன. அந்த ஒரு நுள்ளு எங்கே போனதென்று பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

முடிவு வந்த அன்று உத்தியோகத்தர் படலையிலேயே மோட்டார்சைக்கிளை நிறுத்திக் கத்தினார்.

"அக்கா, பாஸ்! உடைக்கத் தேவையில்லை!"

என் மனைவி அப்படியே மண் கும்பியில் குந்தியிருந்து ஓவென்று அழத் தொடங்கினாள்.

"அப்ப இனி எங்களை ஒருத்தரும் எழும்பிப் போ எண்டு சொல்லமாட்டினம், என்ன தம்பி?"

எந்தச் சபை விதியிலும் அதற்குப் பதில் இல்லை. அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"ஓமக்கா," என்றார். "ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

நானும் போய் அவளுக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தேன்.