கொழுந்தனாரின் கூட்டாளி

மாரியம்மன் கோயில் வாசலில் எரிந்த அந்தக் கற்பூரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம்தான். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த நேரம். கச்சிராயபாளையத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன என் கொழுந்தனாரின் டிராக்டர் வழியில் மாட்டிக்கொண்டது. கூடப் போன கூட்டாளியின் வீடு அங்கே பக்கத்து ஆதிதிராவிடர் காலனியில்தான். மறியல் முடியும்வரை இவர் அங்கேயே தங்கிவிட்டார். சாதிப் பேச்சு சூடேறிக் கிடந்த காலம், சும்மா விடுவார்களா? திரும்பி வந்ததும் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார்கள்.

"அவன் வூட்ல சோறு துன்னியா?" என்று கேட்டார் நாட்டாமை.

"துன்னேன்" என்றார் கொழுந்தனார்.

என் பயம் சோற்றைப் பற்றியதே இல்லை. வாக்கப்பட்டு வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. டிராக்டர் கொட்டகைப் பக்கம் அந்த மனிதரின் குரல் கேட்டால் போதும், இவர் முகமே வேறாகிவிடும். புதுப்பெண்ணுக்கா அது தெரியாது? ஊருக்குத்தான் தெரியவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து நடந்தால் நாறடித்துவிடும் ஊர், இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டுப் போனால் நல்ல கூட்டாளிகள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கும். கேலிச் சொற்கள் இருந்தன. அவை கூத்தில் பெண்வேஷம் கட்டுகிறவர்களுக்கு மட்டும். டிராக்டர் ஓட்டுகிற ஆம்பளைக்கும் அப்படி ஒரு ஆசை இருக்கும் என்று எவரும் நினைத்ததே இல்லை.

"இனிமே அவங்கூட சேரமாட்டேன்னு கற்பூரத்த அடிச்சி சத்தியம் பண்ணு."

கற்பூரம் கரைந்துகொண்டிருந்தது. அவர் கை அசையவில்லை. அடித்தால் அந்த உறவு போயிற்று. பொய்ச் சத்தியம் செய்கிற ஆள் இல்லை அவர். அடிக்காவிட்டால், ஒரு கூட்டாளிக்காக ஏன் இத்தனை பிடிவாதம் என்று எவனாவது யோசித்துவிட்டால்? பெண்கள் பக்கம் நின்ற நான் மாரியாத்தாளை வேண்டிக்கொண்டேன்.

"சோறு துன்னமாட்டேன்னு அடிக்கிறேன். சேரமாட்டேன்னு அடிக்கமாட்டேன்."

நாட்டாமை அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "கூட்டாளின்னா இவனுங்கதான்டா! சரி, சோத்துக்கு அடி." அவ்வளவுதான். கண்ணெதிரே நின்றதை விட்டுவிட்டுச் சோற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள் மகராசன்கள்.

இருவரையும் கட்டைப் பிரம்மச்சாரிகள் என்றே ஊர் கடைசிவரை சொன்னது. இன்று என் பேத்தி அந்த ஆசைக்கு விதவிதமாகப் பெயர் சொல்கிறாள். குற்றமில்லை என்று கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். ஆனால் அதே தெருவில் இரண்டு பையன்கள் தோளில் கைபோட்டால் மற்றப் பிள்ளைகள் கெக்கலிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன தை மாதம் கூட்டாளி செத்துப்போனார். கொழுந்தனாரோடு நானும் போனேன். மாமன், மச்சான், பங்காளி என்று முறை சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து பிணத்தின்மேல் கோடித்துணி போட்டார்கள். இவர் புது வேட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஓரமாக நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"தம்பி, இப்பல்லாம் அது தப்பில்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சாம். போய்ப் போடுங்க" என்றேன்.

"போடலாம் அண்ணி" என்றார். "இன்னா மொறைன்னு கேட்டா, நான் இன்னான்னு சொல்றது?"